தேய்மானமும் குரோமியப் பூச்சும்

(மைசூரில் பொறியியல் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பட்ட உரை)

தேய்மானம் என்ற சொல் தமிழில் இரண்டு இடங்களில் வழங்குகிறது. கணக்கர் அதை ஆண்டிறுதிக் கணக்கில் எழுதுகிறார். பட்டறை மேற்பார்வையாளர் ஒரு தண்டின்மீது மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு அதே சொல்லைச் சொல்கிறார். முன்னவருக்கு அது இலாபத்திலிருந்து கழிக்கப்படும் ஒரு தொகை; பின்னவருக்கு அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பதிவுகள் என்பதைப் பொருளாதாரம் பயில்வோர் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர். மூலதனம் என்பது இறுதியில் உலோகம். அந்த உலோகம் தேய்கிறது.

இயந்திர உறுப்புகளில் பெரும்பாலானவை உடைந்து வீணாவதில்லை. மேற்பரப்பு தேய்ந்து, அளவு குறைந்து, பொருத்தம் தளர்ந்து, அதனால் கழித்துப் போடப்படுகின்றன. பல கிலோ எடையுள்ள ஒரு தண்டு சில பத்துக் கிராம் உலோகத்தை இழந்ததற்காகப் பழைய இரும்புக் கடைக்குச் செல்கிறது. உள்ளே இருக்கும் எஃகுக்கு எந்தக் குறையும் இல்லை. புறத்தோல் மட்டுமே போய்விட்டது. அந்தப் புறத்தோலை மீண்டும் உண்டாக்கவோ, முதலிலேயே கடினமாக்கவோ முடியுமானால், கணக்கர் எழுதும் தேய்மானத் தொகையும் அதற்கேற்பக் குறையும். இதற்கான முறைகளில் நெடுங்காலமாகவும் பரவலாகவும் வழங்கி வருவது குரோமியத்தை மின்சாரத்தின் துணையால் உலோகத்தின்மீது படியச் செய்யும் கடின முலாம். பட்டறைகளில் இது 'ஹார்டு குரோம்' என்றே அழைக்கப்படுகிறது.

இந்தத் தொழில்நுட்பத்தை மைசூரில் வைத்துப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. ரிசர்வ் வங்கியின் முழு உடைமையாக 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறுவப்பட்ட பாரதிய ரிசர்வ் பாங்க் நோட் முத்ரண் நிறுவனத்தின் அச்சகம் இந்நகரில் 1996-இல் வேலையைத் தொடங்கியது. அதன் இணை அச்சகம் மேற்கு வங்கத்தின் சால்போனியில் உள்ளது. நாசிக்கிலும் தேவாஸிலும் இருந்த பழைய அச்சகங்களால் நாட்டின் நோட்டுத் தேவையை ஈடுசெய்ய இயலாத நிலையில் இவ்விரண்டும் எழுந்தன. பின்னர் நோட்டுக் காகித ஆலையும், 2022-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 'வர்ணிகா' என்னும் மை உற்பத்திப் பிரிவும் மைசூரிலேயே அமைந்தன.

நூறு ரூபாய் நோட்டைக் கையிலெடுத்து, காந்தியடிகளின் உருவத்தின்மீது விரலை மெல்ல ஓட்டினால் மை சற்றே மேடாக இருப்பது தெரியும். ஓரங்களில் உள்ள கோடுகளைப் பார்வையற்றவர்கள் தடவியே அறிந்துகொள்வதற்கும் இந்த மேடுதான் காரணம். இது செதுக்கல் அச்சின் விளைவு. தட்டில் கோடுகள் பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். தட்டு முழுவதும் மை பூசப்படும். பிறகு துடைப்பு உருளை ஒன்று மேற்பரப்பிலுள்ள மையை வழித்தெடுக்கும். பள்ளத்தில் மட்டும் மை தங்கும். பெரும் அழுத்தத்தில் காகிதம் அப்பள்ளங்களுக்குள் அழுந்தி மையை அள்ளிக்கொள்ளும். இந்த முறையில் ஒவ்வொரு சுழற்சியிலும் தட்டு ஒருமுறை தேய்க்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மையிலுள்ள நிறமித் துகள்கள் நுண்ணிய உப்புத்தாள் போலவே செயல்படுகின்றன. மென்மையான நிக்கல் தட்டு இத்தகைய துடைப்பை நெடுநாள் தாங்காது. கோட்டின் விளிம்பு மழுங்கினால் நல்ல நோட்டுக்கும் கள்ள நோட்டுக்கும் உள்ள வேறுபாடும் மழுங்கும். ஆகவேதான் இவ்வகைத் தட்டுகளின்மீது சில மைக்ரான் கனத்துக்குக் குரோமியம் பூசப்படுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பூச்சு தேய்ந்தால் அதைக் கரைத்து நீக்கிவிட்டு மீண்டும் பூசலாம். அடியிலுள்ள செதுக்கலுக்கு ஊறு நேர்வதில்லை. ஒரு நாட்டின் செலாவணி மீதான நம்பிக்கை முடியினும் மெல்லிய ஓர் உலோகத் தகட்டின் காவலில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

வரலாற்றிலும் குரோமிய முலாமும் நோட்டு அச்சும் தொடக்கம் முதலே இணைந்து வந்தவை. குரோமியத்தை மின்னாற்பகுப்பால் படிய வைக்கலாம் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஆயினும் ஒருநாள் நன்றாக வரும் பூச்சு மறுநாள் வராது. 1920-இல் ஜார்ஜ் சார்ஜென்ட் தம் ஆய்வை வெளியிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க்கும் அவருடைய மாணவர்களும், கரைசலில் உள்ள கந்தக அமிலத்தின் அளவைக் கட்டுக்குள் வைப்பதே வெற்றியின் திறவுகோல் என்று காட்டினர். அதே பத்தாண்டில் அமெரிக்க அரசின் தர நிர்ணய அலுவலகத்தில் வில்லியம் புளும் இம்முறையை அந்நாட்டு நோட்டு அச்சுத் தட்டுகளுக்குப் பயன்படுத்தும் வழியை வகுத்தார். தொழில் அளவில் கடின குரோமியத்தின் முதல் பெரிய பயன்களில் பணம் அச்சிடுவதும் ஒன்று.

முறை எளியதாகவே தோன்றும். ஒரு லிட்டர் நீரில் 250 கிராம் குரோமிக் அமிலம், 2.5 கிராம் கந்தக அமிலம். அதாவது நூற்றுக்கு ஒன்று. இந்த விகிதம் பிறழ்ந்தால் பூச்சும் பிறழும். கரைசலின் வெப்பம் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸில் நிலையாக இருக்க வேண்டும். பூச வேண்டிய பொருள் எதிர்மின்வாயாகத் தொங்கவிடப்படுகிறது. நேர்மின்வாயில் குரோமியத்தை வைப்பதில்லை. ஈயக் கலவைத் தகடுகளே வைக்கப்படுகின்றன. படியும் குரோமியம் முழுவதும் கரைசலிலிருந்தே வருவதால் கரைசலுக்கு அவ்வப்போது அமிலம் ஊட்டப்பட வேண்டும். பொருள் முன்னதாகச் சாணை பிடிக்கப்பட்டு, எண்ணெய் நீக்கப்பட்டு, மின்னோட்டத்தைச் சிறிது நேரம் எதிர்த்திசையில் செலுத்தி மேற்பரப்பு சற்றே அரிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த ஆயத்தப் பணிகளில் அவசரம் காட்டும் பட்டறையில் பூச்சு உரிந்து வரும். அங்கே குறை சொல்லப்படுவது பெரும்பாலும் கரைசலே. குற்றம் இருப்பதோ அதற்கு முந்தைய மேசையில்.

இவ்வாறு கிடைக்கும் உலோகத்தின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவையில் 850 முதல் 1000 வரை இருக்கும். பதப்படுத்திய கருவி எஃகையும் அது விஞ்சக்கூடும். உராய்வு குறைவு, துரு ஏறாது. பூச்சில் இயல்பாகவே உண்டாகும் நுண்வெடிப்புகள் எண்ணெயைப் பிடித்துவைக்கும் தன்மையுடையவை. நீரழுத்த உருளைகளின் தண்டுகள், பிளாஸ்டிக் வார்ப்பு அச்சுகள், காகித, நெசவு ஆலை உருளைகள், மோட்டார் சைக்கிளின் முன்கவட்டுக் குழாய்கள் ஆகியவற்றில் இப்பூச்சைக் காணலாம்.

மோட்டார் சைக்கிள் என்றதும் மைசூர்வாசிகளுக்கு ஒரு பளபளப்பு நினைவுக்கு வரும். 1961 முதல் 1996 வரை யாதவகிரியில் இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டிகளின் பெட்ரோல் தொட்டியில் மின்னியதும் குரோமியமே. ஆயினும் அது வேறு வகை. அலங்காரப் பூச்சில் குரோமியத்தின் கனம் அரை மைக்ரானுக்குக் குறைவு; துருவைத் தடுப்பது அதற்கு அடியிலுள்ள நிக்கல். கடின முலாமிலோ குரோமியம் நேரே எஃகின்மீது பத்து மைக்ரான் முதல் சில நூறு மைக்ரான் வரை படிகிறது. ஒன்று கண்ணுக்கு, மற்றது பொறிக்கு. இரண்டையும் ஒரே தொழிலாகக் கருதிக் கொள்கை வகுப்பதால் விளையும் குழப்பம் பின்னர் சொல்லப்படும்.

இதன் சிக்கனத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 50 மில்லிமீட்டர் விட்டமும் 300 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு தண்டு, சுற்றிலும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருப்பதாகக் கொள்வோம். இழந்த அளவுடன், பின்னர் சாணையில் போகவிருக்கும் பகுதியையும் சேர்த்து 150 மைக்ரான் பூச வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 25 மைக்ரான் வீதம் ஆறு மணி நேரம் ஆகும். தண்டின் பரப்புக்கு ஏறக்குறைய 190 ஆம்பியர் தேவை. ஆறு வோல்ட் அழுத்தத்தில் இது சுமார் ஏழு யூனிட் மின்சாரம். தொட்டியைச் சூடேற்றும் செலவு தனி. படியும் குரோமியம் ஏறத்தாழ 50 கிராம். காப்பாற்றப்படுவது நாலரைக் கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் கலவை எஃகு. அதோடு அதைக் கடைந்து, பதப்படுத்தி, சாணை பிடித்த உழைப்பு முழுவதும். அந்தத் தண்டு இறக்குமதி செய்யப்பட்ட இயந்திரத்தைச் சேர்ந்ததாயின் அந்நியச் செலாவணியும், மாற்று உறுப்பு கப்பலில் வந்து சேரும்வரை இயந்திரம் நிற்கும் நாட்களும் மிச்சம். ஓடாத இயந்திரத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதை ஆலை நிருவாகிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பூச்சின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மின்னோட்டம் விளிம்புகளிலும் முனைகளிலும் குவிவதால் அங்கே பூச்சு தடிக்கும், பள்ளங்களில் மெலியும். உயர்வலிமை எஃகில் நீரகம் புகுந்து அதை நொறுங்கச் செய்யும் அபாயம் உண்டு. அதற்காகப் பூசி முடித்த சில மணி நேரத்துக்குள் பொருளை 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூடேற்றி நீரகத்தை வெளியேற்ற வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த இந்தப் படியைத் தவிர்க்கும் பட்டறையின் தண்டு தொழிற்சாலையில் முறியும். அப்போது முலாமை எவரும் நினைப்பதில்லை. எஃகின் தரமே பழிக்கப்படும்.

எனினும் இந்தத் தொழிலின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் கொள்கையளவில் 0.32 கிராம் குரோமியம் படிய வேண்டும். நடைமுறையில் அதில் 10 முதல் 20 விழுக்காடுதான் படிகிறது. நிக்கல் முலாமில் இதே மின்னோட்டம் ஒரு கிராமுக்கு மேல் படிய வைக்கிறது. குரோமியத்தில் கிடைப்பதோ அதில் இருபதில் ஒரு பங்கு. எஞ்சிய மின்சாரம் எங்கே போகிறது? எதிர்மின்வாயில் நீரக வாயுவாகக் கொப்பளிக்கிறது. கோடிக்கணக்கான சிறு குமிழிகள் மேலெழுந்து வெடிக்கும்போது, ஒவ்வொன்றும் குரோமிக் அமிலத்தின் நுண்துளிகளைக் காற்றில் எறிகிறது. வீணாகும் மின்சாரம் வெறுமே வீணாவதில்லை. அது அமிலப் பனிமூட்டமாகத் தொட்டியருகில் நிற்கும் தொழிலாளியின் மூக்குக்குள் செல்கிறது.

அத்தொழிலாளியின் கையில் சிறு கீறல் இருந்தால் அங்கே ஆழமான வட்டப் புண் உண்டாகும். அது அவ்வளவாக வலிக்காது. அதனாலேயே அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. மூக்கின் நடுத்தடுப்பில் புண் ஏற்பட்டு, காலப்போக்கில் துளையே விழுந்துவிடும். பிரிட்டன் 1931-லேயே குரோமிய முலாமுக்கெனத் தனி விதிகளைப் பிறப்பித்தது. அப்போது இந்தத் தொழில் பிறந்து பத்தாண்டுகள்கூட நிறையவில்லை. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் குரோமியப் புண்ணை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியச் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990-இல் வகைப்படுத்தியது. தொட்டியிலுள்ள குரோமியம் இந்த வகையைச் சேர்ந்தது. பூசி முடித்த உலோகக் குரோமியத்தில் இந்த நச்சு இல்லை. ஆகவே நோட்டைத் தொடுவோரும் வண்டியைத் துடைப்போரும் அஞ்ச வேண்டியதில்லை. அபாயம் முழுவதும் செய்பவருக்கே.

அடுத்தபடியாக அபாயத்துக்கு உட்படுவது பட்டறையைச் சுற்றியுள்ள கிணறு. பூசிய பொருளைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது கரைசல் அதில் ஒட்டிக்கொண்டு அலசும் நீருக்குச் செல்கிறது. ஒரு லிட்டர் கரைசலில் ஏறத்தாழ 130 கிராம் குரோமியம் உள்ளது. வெளியேற்றும் கழிவுநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. ஒரு லிட்டர் கரைசலை வெறும் நீர் கலந்தே இந்த அளவுக்குக் கொண்டுவருவதாயின் 13 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். குடிநீருக்கான வரம்பு இன்னும் கடுமையானது. அதற்கு 26 லட்சம் லிட்டர். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கும்போது இந்தப் பெருக்கல் கணக்கை நினைவில் கொள்வது நலம்.

தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையோ மேலும் ஒரு படி பின்னால் சென்று பார்க்க வேண்டிய இடம். குரோமிக் அமிலத்துக்கு மூலப்பொருள் சோடியம் பைகுரோமேட். அதைத் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு வளாகத்திலேயே குவிந்து கிடக்க விடப்பட்டது. ஆலையின் கணக்குப் புத்தகம் மூடப்பட்ட பிறகும் மழை அந்தக் குவியலைக் கரைத்து நிலத்துக்குள் இறக்கியது. ஆலை இயங்கிய ஆண்டுகளில் விற்ற ஒவ்வொரு மூட்டைப் பைகுரோமேட்டின் விலையிலும் இந்தக் குவியலுக்குரிய செலவு சேர்க்கப்படவில்லை. வாங்கியவர்கள் மலிவாக வாங்கினார்கள். மிச்சத்தைப் பாலாற்றுப் படுகையில் வாழ்வோர் செலுத்துகிறார்கள். கணக்கர் எழுதாத தேய்மானம் இது.

இந்நிலையில், குரோமிய முலாமையே தடைசெய்தால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பின் உரிய அனுமதியின்றிக் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த இயலாது. கலிபோர்னியா மாநிலம் 2023-இல் வகுத்த விதிகள், அலங்கார முலாமில் இதை முதலிலும், கடின முலாமில் 2039-லும் விலக்குகின்றன. இந்தக் கால இடைவெளி காரணமின்றி வைக்கப்பட்டதன்று. அலங்காரப் பூச்சுக்கு மூன்று இணைதிறன் குரோமியக் கரைசல் நல்ல மாற்றாக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. கனமான, கடினமான பூச்சை அதிலிருந்து பெறுவது இன்றும் எளிதன்று. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய்க் கொடையிலும் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் முலாம் துறையில் நீண்ட அனுபவம் உடையது. ஐதராபாத்திலுள்ள தூள் உலோகவியல் ஆராய்ச்சி மையம் நிக்கல்-டங்ஸ்டன் பூச்சையும் தெளிப்பு முறைகளையும் ஆராய்ந்து வருகிறது. விமானச் சக்கரத் தாங்கிகளில் டங்ஸ்டன் கார்பைடுத் தெளிப்பு குரோமியத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது. ஆயினும் அந்தத் தெளிப்புப் பொறியின் விலை ஒரு சிறு முலாம் பட்டறையின் மொத்த முதலீட்டையும் விஞ்சும். அலங்காரத்துக்கும் கடின முலாமுக்கும் ஒரே நாளில் ஒரே தடை விதித்தால், முன்னதில் மாற்று இருந்தும் தயங்குவோரும் பின்னதில் மாற்று இல்லாமல் தவிப்போரும் ஒரே தட்டில் நிறுத்தப்படுவர்.

இன்று செய்யக்கூடியவை பல உள்ளன. அவற்றில் சில செலவைக் குறைப்பவை என்பதுதான் வியப்பு. கரைசல் 55 டிகிரியில் இருப்பதால் அதிலிருந்து நாள்தோறும் நீர் ஆவியாகிறது. அதை ஈடுசெய்ய நீர் ஊற்றியே தீர வேண்டும். பூசிய பொருளைத் தொட்டியின்மேல் அரை நிமிடம் சொட்டவிட்டு, பிறகு ஓடாத நீருள்ள ஒரு தொட்டியில் முதலில் அலசினால், அந்த முதல் அலசல் நீரையே கரைசலுக்குத் திருப்பி ஊற்றலாம். சாக்கடைக்குப் போகவிருந்தது காசு கொடுத்து வாங்கிய அமிலம். அது தொட்டிக்கே திரும்புகிறது. மீதி நீரில் சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து, அமில நிலையில் ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாகக் குறைக்க வேண்டும். மஞ்சள் நிறம் பச்சையாக மாறுவதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். பின்னர் சுண்ணாம்பு சேர்த்தால் குரோமியம் சேறாக அடியில் தங்கும். பனிமூட்டத்துக்குத் தொட்டி விளிம்பில் காற்றுறிஞ்சியும், கரைசலின்மேல் மிதக்கும் பிளாஸ்டிக் உருண்டைகளும் உதவும். நுரைப்படலம் உண்டாக்கும் சில பொருள்களும் வழக்கில் இருந்தன. அவற்றில் முதன்மையானதொன்றை 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு நஞ்சை அடக்க இன்னொன்றைத் தேடிய கதை அது.

சேற்றைப் பாதுகாப்பான கிடங்குக்கு அனுப்புவதற்கும், காற்றுறிஞ்சியை ஓட்டுவதற்கும், மருத்துவப் பரிசோதனைக்கும் செலவு பிடிக்கும். இவை எதுவும் செய்யாத பட்டறையின் கூலி எப்போதும் குறைவாகவே இருக்கும். பெரிய தொழிற்சாலைகள் முலாம் வேலையை வெளியே கொடுத்து, ஒப்பந்தப் புள்ளிகளில் மிகக் குறைந்ததை ஏற்கும்போது, விதியை மதிக்கும் பட்டறை தோற்கிறது. விதியை மீறும் பட்டறை வளர்கிறது. ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு அலுவலரைவிடக் கொள்முதல் அலுவலரின் கையில்தான் இத்தொழிலைத் திருத்தும் ஆற்றல் மிகுதியாக உள்ளது. பூச்சின் கனம், கடினத்தன்மை, சூடேற்றிய நேரம் ஆகியவற்றைக் கேட்கும் அதே படிவத்தில், கடந்த மூன்று மாதங்களில் சேறு ஒப்படைக்கப்பட்டதற்கான ரசீதையும், வாங்கிய குரோமிக் அமிலத்தின் அளவையும் கேட்டுவிடலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டறையின் நடைமுறை தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை நேரில் செல்வதும் பயன் தரும். அங்கே பார்க்க வேண்டியது பளபளக்கும் தண்டுகளை அன்று. முலாம் தொட்டிக்கும் அலசும் தொட்டிக்கும் இடையிலுள்ள தரையையும், அங்கே நிற்பவரின் கைகளையும்.